நான் சாகாத அன்று நீ அழுத அழுகை

சுரேஷ்,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவார்கள். நடந்து முடிந்த கூத்துக்குப் பிறகு எனக்கு இப்படித்தான் தொடங்கத் தோன்றுகிறது. நம் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், யாரோ ஒருவருடைய சவப்பெட்டிக்கு எதிரே, காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சதுரங்க மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் கல் முக்காலியில் உட்கார்ந்து நீ தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்தேன் அல்லவா, அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. காய்கறி நறுக்கும்போது நினைவு வருகிறது, கத்தியைக் கீழே வைத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ பேச விடுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

எல்லாம் அந்த ஃபைபர் இணையத்தால் வந்தது. நீயும் மாலினியும் குழந்தையோடு வரும்போதெல்லாம், "என்னம்மா இது, உங்க வீட்ல வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது" என்று குறைப்பட்டுக்கொள்வாய். சரி, பேத்திக்காகத்தானே என்று நானும் தலையாட்டினேன். இணைப்புப் போட வந்த பிள்ளை வாசல் கதவுக்குப் பக்கத்தில், சாமி மேடைக்குக் கீழே, வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் அடித்தார். அதிலிருந்து தலைமுடி போல ஒரு ஒயரை இழுத்து மோடத்தில் மாட்டினார். பக்கத்தில் ரவுட்டரை வைத்தார். பச்சை விளக்கு எரிந்ததும், "ஆன்ட்டி, இன்டர்நெட் ஓகே. ஹோம் போன், டிவி மட்டும் நீங்களே ப்ளக் பண்ணிக்குங்க. ஈஸி லா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் என்ன செய்தேன்? இத்தனை வருடமும் எங்கே சொருகியிருந்தேனோ, அந்தப் படுக்கையறைச் சுவரிலேயே போனைச் சொருகினேன். காதில் வைத்தால் சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காதில் 'ஊம்' என்று கேட்கும் அந்த ஒலியை வைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அது என் வீட்டிலேயே செத்துக்கிடந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிவியைப் போட்டால் அதுவும் கறுப்பாக நின்றது.

நீ வேலை முடிந்து உட்லண்ட்ஸில் இருக்கும் உன் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தாய். சட்டைக் கையை மடித்துவிட்டு சோபாவுக்கு அடியில் படுத்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாய். "அம்மா, அந்தச் சுவர் சாக்கெட் இனிமே வேலைக்காகாது. போன் ஒயரை ரவுட்டர் பின்னால இருக்கிற இந்த ஓட்டையில போடணும். போனும் இப்ப இன்டர்நெட் வழியாத்தான் வருது. டிவி பெட்டிக்கும் இங்கேர்ந்துதான் கேபிள் போகணும், பாருங்க." நீளமான கேபிள் ஒன்றைச் சுவர் ஓரமாகவே கொண்டுபோய் டிவிக்குப் பின்னால் மாட்டினாய். டிவி வந்தது. போனை எடுத்தேன், 'ஊம்' என்றது. சிரித்துவிட்டேன். நீ முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சந்தோஷமா?" என்றாய். அன்று நான் சுட்டுப்போட்ட தோசையை நீ நின்றுகொண்டே தின்றாய். எல்லாம் அதோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் என் கை சும்மா இருக்காதே. வெளியே கிளம்பும்போது வீட்டில் இருக்கும் எல்லா சுவிட்சையும் அணைப்பது நம் குடும்பத்து வியாதி என்று மாலினி கேலி செய்வாள். அது உன் அப்பாவிடமிருந்து வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், மலேசியப் பக்கம் ஜொகூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். உனக்குப் பட்டுச் சட்டை, எனக்கு மல்லிகைப் பூ, எல்லாம் முடிந்து உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது உன் அப்பா என் காதில், "அயன் பாக்ஸை அணைச்சியா?" என்றார். அணைத்தேன் என்று சத்தியம் செய்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இறங்கித் திரும்பி வந்தோம். அயன் பாக்ஸ் அணைத்துத்தான் இருந்தது. கல்யாணம் போச்சு. நீ பட்டுச் சட்டையோடு தரையில் புரண்டு அழுதாய். பிரியாணி போச்சே என்று அழுதாய், அது வேறு விஷயம். அவர் போன பிறகு அந்தப் பயம் முழுதாக எனக்கு வந்து சேர்ந்தது. யாருமில்லாத வீட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால்கூட வீடே பற்றிக்கொள்ளும் என்று தோன்றும். லிஃப்ட் வந்த பிறகும் திரும்பிப் போய் ஒருமுறை பார்ப்பேன்.

மோடம் சுவிட்சையும் அப்படித்தான் அணைத்தேன். அதை அணைத்தால் போன் போகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நான் வேலை பார்த்த காலத்துப் போனுக்குக் கரண்ட் வேண்டாம். வீடு முழுக்க இருட்டாகிவிட்டாலும் போன் மட்டும் பேசும், அதற்கு வேண்டிய உயிரை அது தன் கம்பியிலேயே வாங்கிக்கொள்ளும். போனைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர முடியும் என்ற திமிர் வேறு. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் சுவிட்சைப் போடுவேன். உடனே டிவியைப் போடுவேன். அந்தப் பெட்டி விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும் என்று நீ சொன்னது காதில் ஏறவில்லை. படம் வரவில்லை என்றதும் நானே ஆபரேட்டர் ஆகிவிடுவேன். ஒயர்களைப் பிடுங்கி வேறு வேறு ஓட்டைகளில் சொருகுவேன். பிறகு ஹேண்ட்போனில் உன்னைக் கூப்பிட்டு, "நீ போட்டது சரியில்லடா" என்பேன். நீ மறுபடி வருவாய். சோபாவுக்கு அடியில் படுப்பாய். சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிட்டுப் போனாய். சுவரில் பசை பிடிக்கும் என்று நான் அதை உரித்துப் போட்டேன்.

கடைசியாக வந்த அன்று நீ மிகவும் களைத்திருந்தாய். இப்போது நினைத்தால் தெரிகிறது. டேப்பைக் காணோம் என்றதும் உன் குரல் மாறியது.

"எத்தன தடவம்மா சொல்றது? ஆஃப் பண்ணாதீங்க, ஆஃப் பண்ணாதீங்கன்னு. இந்த ஹோம் போனே வேஸ்ட். யாரு கூப்பிடறா இதுல? நம்பரைக் கேன்சல் பண்ணிடலாம். ஹேண்ட்போன் இருக்கில்ல?"

இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து இருக்கும் நம்பர் அது. உன் அப்பா வேலையிடத்திலிருந்து கூப்பிட்ட நம்பர். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றது என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

"போனை வெட்டறதுக்கு முன்னாடி என்னை வெட்டிடு. இனிமே நீ எதுக்கும் வர வேணாம். நான் செத்தா கீழ கூடாரம் போடுவாங்க. அதைப் பார்த்துட்டு அப்ப வா, போதும்."

நம்மூரில் இதைச் சொல்லாத அம்மா உண்டா? என் அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள். சோறு வேண்டாம் என்று சொல்வது போல வாயில் வந்துவிடும். சொல்லி முடித்ததும் மறந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். நீ ஒயர்களைச் சரியாகப் பொருத்தி வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்று இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்தோம். மாலினிதான் குழந்தையின் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் தேக்காவில் கோவிலுக்குப் போனேன். போகும்போது வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைக் கேள்: ஹேண்ட்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அந்தச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன். சாமி கும்பிட்டேன், முருங்கைக்காய் வாங்கினேன், வெற்றிலை வாங்கினேன், தெரிந்த பூக்காரம்மாவோடு நின்று கதை பேசினேன். அதே நேரம், ஜாலான் புசாரில் குடியிருக்கும் உன் அத்தை, கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் நம் புளோக்கைத் தாண்டியிருக்கிறாள். கீழே கூடாரம். வேட்டி கட்டிய நம் ஆட்கள் நாற்காலி இறக்குகிறார்கள். வீட்டுப் போனுக்கு அடித்திருக்கிறாள், மணியே போகவில்லை. ஹேண்ட்போனுக்கு அடித்திருக்கிறாள், அதுவும் செத்துக்கிடந்தது. பதறிப்போய் உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். "தம்பி, உங்க புளோக்குக்குக் கீழ நம்ம ஆளுங்க கூடாரம் போடறாங்கப்பா. அண்ணி எந்தப் போனையும் எடுக்கல. எனக்குப் பயமா இருக்கு லா." கூடாரம் என்ற சொல்லை நீ என் வாயிலிருந்து கேட்டுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. இதையெல்லாம் பிறகு உன் அத்தைதான் அழுதுகொண்டே சொன்னாள்.

நான் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். கூடாரத்தைப் பார்த்ததும், அட, ஆறாம் மாடிப் பெரியவர் போய்விட்டாரா, நேற்றுக்கூட ஆஸ்பத்திரியில் இருந்தாரே என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன். பெட்டியை அப்போதுதான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். படம்கூட இன்னும் வைக்கவில்லை. முன்வரிசையில் யாரும் இல்லை. ஓரத்தில் முக்காலியில் ஒருவன் ஆபீஸ் சட்டையோடு, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். யார் பெற்ற பிள்ளையோ, இப்படி அழுகிறதே என்று எனக்கே கண் கலங்கியது. பெரியவரின் மகள் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் நின்றாள். நான் கிட்டே போனேன். அப்புறம்தான் அந்தக் கழுத்து மச்சத்தைப் பார்த்தேன். என் பிள்ளை. உனக்குத் தெரிந்தவர்கள் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் என் புத்திக்கு எட்டியது. நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"சுரேஷு! யாருய்யா செத்தது?"

நீ நிமிர்ந்து பார்த்தாயே ஒரு பார்வை. அப்படி ஒரு முகத்தை நான் உன்னிடம் பார்த்ததில்லை. பிறகு வந்தது பார், கூடாரமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல். "ஏம்மா போனை எடுக்கல? ஏன் எடுக்கல?" என் கையைப் பிடித்து உலுக்கினாய். பையிலிருந்த முருங்கைக்காய் எல்லாம் தரையில் சிதறியது. உலுக்கிய கையை நீ விடவில்லை. என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாய், நாடி பார்ப்பது போல. நீ மேலே வீட்டுக்கும் வரவில்லை, யாரையும் கேட்கவில்லை, பெட்டி அத்தனை பக்கத்தில் இருந்தும் கிட்டே போய் முகத்தையும் பார்க்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது. பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். உன்னால் முடியவில்லை. பார்த்தால் நிஜமாகிவிடும் என்று பயந்து தள்ளியே உட்கார்ந்துவிட்டாய். பெரியவரின் மகள் ஒன்றும் புரியாமல் என்னிடம் மெதுவாக, "ஆன்ட்டி, உங்க மகனுக்கு எங்கப்பாவை அவ்ளோ நல்லாத் தெரியுமா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, சின்ன வயசுல லிஃப்ட்ல பார்ப்பான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் உன் தோளைத் தட்டி நன்றி சொன்னாள். அன்று அந்த மனிதருக்கு விழுந்த முதல் அழுகை உன்னுடையதுதான்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் அப்பா போனபோது இதே தூண்களுக்கு நடுவில்தான் அவரைக் கிடத்தியிருந்தோம். நீ அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாற்காலி போட்டாய், வந்தவர்களுக்குக் கடலையும் பாக்கெட் பானமும் கொடுத்தாய், கிளம்பியவர்களை வாசல்வரை கொண்டுபோய்விட்டு, "தேங்க்ஸ் அங்கிள், மறுபடி வாங்க" என்றாய். வந்திருந்தவர்களில் வயதானவர் ஒருவர் உன்னைத் தனியே இழுத்து, "தம்பி, துக்க வீட்ல வாங்கன்னு சொல்லக்கூடாது. போறவங்களும் போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்க. சும்மா எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்று சொல்லிக்கொடுத்தார். நீ பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினாய். நான் உன் அத்தையிடம், என் பிள்ளைக்குக் கல் மனசு என்று சொன்னேன். பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறேன், வேறு ஆட்களிடமும் சொல்லியிருக்கிறேன். நீ யார் என்று தெரியாமலேயே நான் உன்னோடு இத்தனை காலம் இருந்திருக்கிறேன், சுரேஷ். அதுதான் என்னை உலுக்கிப் போட்டது. செத்துப்போனதாக நீ நினைத்தது என்னை. தெரியாத ஆளாக நின்றது நீ.

வீட்டுக்கு வந்தோம். இழவு நடந்த இடத்திலிருந்து வருகிறோம், குளித்துவிட்டு வா என்று உன்னைக் குளியலறைக்கு அனுப்பினேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்து உன் அப்பாவின் கைலியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாய். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழாதவன் போல சாமி மேடைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து மோடத்தின் சுவிட்சைப் போட்டாய். விளக்குகள் ஒவ்வொன்றாக வரும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். போன் விளக்கு கடைசியாக வந்தது. உன் ஹேண்ட்போனை எடுத்து எதையோ அழுத்தினாய். வீட்டுப் போன் அடித்தது. நீ நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் எடுத்து, எதிரே நிற்கும் உன்னைப் பார்த்துக்கொண்டே, "ஹலோ" என்றேன். நீ ஹேண்ட்போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு அலசிப் பிழிந்த ஈரச் சட்டையை மாட்டி, காலணியைப் போட்டு, கதவைத் திறந்து போய்விட்டாய்.

போயிட்டு வரேம்மா என்று நீ சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, தேசிய சேவைக்காகப் பட்டாளத்துக்குப் போனபோதும், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன அன்றும், சண்டை போட்டுக்கொண்டு போன அன்றும்கூடக் கதவை இழுத்துச் சாத்தும்போது முறைத்துக்கொண்டாவது சொன்னாய். அன்று சொல்லவில்லை. துக்க வீட்டிலிருந்து எழுந்து போகிறவர் போலச் சும்மா எழுந்து போனாய். நான் கதவருகே நெடுநேரம் நின்றேன். லிஃப்ட் மூடுகிற சத்தம் கேட்டது.

இப்போது என் வீட்டில் எந்த நேரமும் அந்தப் பச்சை விளக்குகள் எரிகின்றன. வெளியே போனாலும் அணைப்பதில்லை. பயமாகத்தான் இருக்கிறது, லிஃப்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். டிவி ஒழுங்காக வருகிறது, பார்க்கத்தான் மனம் இல்லை. தினமும் காலையில் வீட்டுப் போன் அடிக்கிறது. எடுத்து "ஹலோ" என்கிறேன். உடனே வைத்துவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் பேசுவதற்கு முன்னாலேயே மூச்சை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவளிடம் இந்த விளையாட்டு வேண்டாம். நான் இருக்கிறேனா என்று பார்க்கிறாய். இருக்கிறேன். ஆனால் அதை மட்டும் தெரிந்துகொள்வதற்கு ஒரு நர்ஸ் போதும், மகன் எதற்கு?

நான் உனக்குப் புத்தி சொல்லும் தகுதியில் இல்லை. என்றாலும் உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், உனக்கும் வயதாகும், உன் கைக்கும் ஏதாவது ஒரு சுவிட்ச் பழகிப்போகும். அவள் வந்து சரிசெய்வாள், முகம் சுளிப்பாள். அப்போது கோபம் வந்தால் டிவியைத் திட்டு, ரவுட்டரைத் திட்டு, அவளையே நாலு வார்த்தை திட்டு. சாவை மட்டும் இழுத்துப் பேசாதே. நாம் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம். கேட்ட பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டே அலையும். நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கூடாரம் போட்டால் வா என்று சொன்னேனே, அது பொய். கூடாரத்துக்கு நீ வரவேண்டாம், அன்று எனக்கு நீ வந்தது தெரியப்போவதில்லை. அந்த அழுகையையும் நான் பார்த்தாகிவிட்டது. எனக்கு அது போதும், இன்னொரு முறை தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை வா. எதுவும் பழுதில்லை, எதையும் சரிசெய்ய வேண்டாம், சோபாவுக்கு அடியில் படுக்க வேண்டாம். உட்கார்ந்து சாப்பிடு. பேச வேண்டும் என்றுகூட இல்லை. சாப்பிட்டு முடித்துக் காலணியைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்று, "போயிட்டு வரேம்மா" என்று சொல். நான் "வாய்யா" என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா